பாய் இறக்கினால் படகு கவிழாதா?

சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு தகவல் சுற்றுகிறது: “பாயை இறக்கிவிட்டால் எந்தப் புயலும் பெரிய படகைக் கவிழ்க்காது.” தவறு.

2024 ஆகஸ்ட் 19 அன்று சிசிலிக் கரையருகே கவிழ்ந்த ‘பேஸியன்’ படகில் பாய் ஒன்றுகூட விரித்திருக்கவில்லை. 56 மீட்டர் படகு, 72 மீட்டர் பாய்மரம்! நம் ரப்பர் மரங்கள் இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாலும் சுலபத்தில் எட்டாது. காற்றுக்கு அந்த மொட்டை மரமே போதும்.

படகு எளிதில் சாயாதிருக்க அடியில் இறக்கும் பலகையும் மேலே ஏற்றப்பட்டிருந்தது. அந்த நிலையில் 63.4 நாட், அதாவது மணிக்குச் சுமார் 117 கிலோமீட்டர், பக்கக் காற்றே கவிழ்த்துவிடும் என்கிறது பிரிட்டிஷ் விசாரணையின் இடைக்கால அறிக்கை. 70.6 பாகையைத் தாண்டிச் சாய்ந்தால் தானாக நிமிராது. பேஸியன் 15 வினாடிக்குள் 90 பாகை சாய்ந்தது. அப்புறம் படிக்கட்டு வழியே தண்ணீர். 7 பேர் இறந்தார்கள். பாய் இறக்கி, பலகை ஏற்றிய நிலைக்கான இந்தக் காற்று, சாய்வு வரம்புகள் படகிலிருந்த கையேட்டில் இல்லை.