பெட்டி தயார்

(கூடத்தின் நடுவே புத்தம் புதிய பெரிய பெட்டி ஒன்று நிற்கிறது. பக்கத்தில் தம்பி. ஜெர்மனியில் மூன்று வருடமாக வேலை பார்க்கும் அக்கா விடுமுறைக்கு வந்திருக்கிறாள். அதனாலேயே குடும்பம் மொத்தத்துக்கும் அவள்தான் சம்பளமில்லாத விசா ஆலோசகர்.)

அக்கா: என்னடா இது, வழியை மறித்துக்கொண்டு?

தம்பி: வெளிநாட்டு வேலைக்கு முதல் அடி எடுத்து வைத்துவிட்டேன் அக்கா. நாலு சக்கரம். எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகும்.

அக்கா: அது போகும். நீ எந்தப் பக்கம் போகப்போகிறாய்?

தம்பி: அதைத்தான் உன்னிடம் கேட்கலாம் என்று...

அக்கா: நாடு தெரியாது, பெட்டி மட்டும் வாங்கியாச்சு. சரி, பாஸ்போர்ட் எங்கே?

தம்பி: பத்திரமாக இருக்கிறது.

அக்கா: இன்னும் எத்தனை மாதம் செல்லும்? ஆறு மாதமாவது மிச்சம் இல்லையென்றால் பல நாடுகளில் உள்ளேயே விடமாட்டார்கள்.

தம்பி: ரொம்ப ரொம்பப் பத்திரமாக இருக்கிறது அக்கா.

அக்கா: நான் கேட்டது அதில்லை.

தம்பி: அதை விடு. ஒருவர் வாட்ஸ்அப்பில் எனக்கு வேலையே கொடுத்துவிட்டார்! மேனேஜர்.

அக்கா: எதற்கு மேனேஜர்?

தம்பி: பதிவுக் கட்டணம் கட்டியதும் சொல்வாராம்.

அக்கா: வேலை தேடித் தருகிறவர்கள் தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது என்பதுதான் பொது விதி. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1997லேயே உடன்படிக்கை போட்டிருக்கிறது.

தம்பி: பாவம், அவருக்குத் தெரியாதோ என்னவோ. சொல்லட்டுமா?

அக்கா: சொல்லிப் பார். அடுத்த நிமிடம் அவர் புரொஃபைல் படம் காணாமல் போகும்.

தம்பி: நல்ல மனிதர் அக்கா. ‘டூரிஸ்ட் விசாவில் போய் இறங்கிவிடு, மற்றதை அங்கே பார்த்துக்கொள்ளலாம்’ என்றார்.

அக்கா: டூரிஸ்ட் விசாவில் ஊர் பார்க்கலாம். வேலை பார்க்கக் கூடாது. பிடித்தால் திருப்பி அனுப்புவார்கள்.

(தம்பி போனை எடுத்து ஏதோ தட்டுகிறான். சற்று நேரத்தில் முகம் வாடுகிறது.)

தம்பி: படம் போய்விட்டது.

அக்கா: நல்லது. இப்போது நேர்வழியைக் கேள். ஜெர்மனியில் 2024 ஜூனில் ‘சான்சென்கார்டே’ என்று ஒன்று கொண்டுவந்தார்கள். வாய்ப்பு அட்டை. கையில் வேலை இல்லாமலே போய், ஒரு வருடம் வரை அங்கே தங்கி வேலை தேடலாம்.

தம்பி: வேலை இல்லாமல் இருப்பதுதானே? அதில் எனக்கு எட்டு மாத அனுபவம்.

அக்கா: அதற்குப் புள்ளி கிடையாது. மொத்தம் 6 புள்ளி வேண்டும். வயது 35ஐத் தாண்டவில்லை என்றால் 2.

தம்பி: பிறந்ததற்கே 2 புள்ளியா!

அக்கா: கொஞ்சம் தாமதமாகப் பிறந்ததற்கு. 40 வரை 1, அப்புறம் அதுவும் இல்லை. கடந்த 5 வருடத்தில் படிப்புக்கேற்ற வேலையில் 2 வருடம் இருந்திருந்தால் இன்னொரு 2. நீ மூன்று வருடம் கணக்கு எழுதினாயே, அது உதவும்.

தம்பி: ஆக நாலு! மிச்சம் இரண்டை ஆங்கிலத்தில் அள்ளிவிடுகிறேன்.

அக்கா: ஆங்கிலத்தில் சி1 என்ற உயர்நிலைச் சான்று வாங்கினாலும் 1தான். ஜெர்மனில் பி1 என்ற நடுநிலைச் சான்று இருந்தால் 2.

தம்பி: ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு எழுதி வைத்திருக்கிறேனே, நாலு வருடத்துக்கு முன்னால்.

அக்கா: அதன் ஆயுள் 2 வருடம்.

தம்பி: என் ஆங்கிலம் அதற்குள் கெட்டுப்போய்விட்டதா?

அக்கா: அவர்கள் கணக்கில் கெட்டுப்போய்விட்டது. என் கணக்கில் அப்போதே சுமார்தான். பேச்சை மாற்றாதே. அங்கே தங்கும் செலவுக்குப் பணம் காட்ட வேண்டும். பட்டமும் செல்ல வேண்டும். அனாபின் என்று ஒரு தளம் இருக்கிறது, அதில் உன் பல்கலைக்கழகத்துக்கு எச் பிளஸ் போட்டிருக்கிறதா என்று பார்.

தம்பி: என் மார்க் அவர்களுக்கு எப்படித் தெரிந்தது?

அக்கா: எச் பிளஸ் என்றால் அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகம். அதைத்தான் பார்க்கிறார்கள், உன் மார்க்கை அல்ல. அந்த மட்டும் தப்பித்தாய்.

தம்பி: எச் பிளஸ் என்றதும்தான் ஞாபகம் வருகிறது. என் பெயரிலேயே ஓர் எச் பிளஸ்ஸாக இருக்கிறது. சான்றிதழில் உண்டு, பாஸ்போர்ட்டில் இல்லை.

அக்கா: அடப்பாவி, முதலில் அதைச் சரிசெய். இல்லையென்றால் ஒவ்வொரு கவுண்டரிலும் நீ இரண்டு ஆளாக நிற்பாய். எடு அந்தப் பாஸ்போர்ட்டை, பார்க்கலாம்.

(தம்பி பெட்டியைப் பார்க்கிறான். அக்காவும் பார்க்கிறாள். பெட்டி யாரையும் பார்க்கவில்லை.)

அக்கா: உள்ளேயா?

தம்பி: பத்திரமாக இருக்கட்டும் என்று வாங்கிய அன்றே வைத்துப் பூட்டினேன். மூன்று இலக்க எண். மறந்துபோய்விட்டது.

அக்கா: 000 முதல் 999 வரை ஆயிரம்தான். உட்கார். ஜெர்மனில் சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாகத் திருப்பு. பெட்டியும் திறக்கும், பாடமும் ஆரம்பமாகும். போனில் எண்கள் பாடம் போட்டுத் தருகிறேன், கேட்டுக் கேட்டுச் சொல்.

தம்பி: நுல்... ஐன்ஸ்... ட்ஸ்வை... ட்ரை...

(அக்கா உள்ளே போய் ஒரு குட்டித் தூக்கம் போட்டுவிட்டு வருகிறாள்.)

தம்பி: ...ட்ரை உண்ட் ஃபுன்ஃப்ட்ஸிஷ்!

அக்கா: பரவாயில்லையே, 53 வரை வந்துவிட்டாய். ஆனால் பூட்டில் 035 நிற்கிறதே?

தம்பி: ட்ரை என்றால் 3. முதலில் சொல்வதை முதலில் வைத்தேன்.

அக்கா: ஜெர்மனில் மூன்றைச் சொல்லிவிட்டுத்தான் ஐம்பதைச் சொல்வார்கள் தம்பி. ‘மூன்றும் ஐம்பதும்’ என்றால் 53. எதிலிருந்து இப்படி வைக்கிறாய்?

தம்பி: இருபத்தொன்றிலிருந்து.

அக்கா: எதைத் திருப்பினாய், எதை விட்டாய் என்று தெரியுமா?

தம்பி: தெரியாது.

அக்கா: சரி, நுல்லிலிருந்து மறுபடி ஆரம்பி. உனக்கு 35 முடிவதற்குள் திறந்துவிடலாம்.