தொட்டியைத் திறக்க விடவில்லை, அவ்வளவுதான்

நாம் சேர்ந்து போய்வந்த கேரவன் பயணத்தைப் பற்றி, "கடைசி நாளில் ஒரே ஒருவர் எல்லோருடைய மகிழ்ச்சியையும் கெடுத்துவிட்டார்" என்ற பதிவையும், அதன் கீழே வந்து குவிந்த சிரிப்புக் குறிகளையும் பார்த்தேன். பெயர் போடாத பெருந்தன்மைக்கு நன்றி. அந்த ஒருவர் யார் என்று பாதிப் பேருக்கு முன்பே தெரியும். மீதிப் பேருக்கும் சொல்லிவிடுகிறேன், நான்தான்.

கேரளாவிலிருந்து குமுளி மலைச்சாலையில் இறங்கி, கூடலூர் தாண்டி, எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டம் பார்க்க கேரவன்களை, அதாவது சமையலறையும் கழிப்பறையும் உள்ளேயே இருக்கும் வாடகை வண்டிகளை, நிறுத்தினோம். வாய்க்கால் கரையில் நல்ல புளியமர நிழல். வண்டியைத் திருப்பி ஒப்படைக்கும்போது கழிவுத் தொட்டி நிறைந்திருந்தால் முன்பணத்தில் பிடித்துக்கொள்வார்கள். அதனால் அங்கேயே காலி செய்துவிடலாம் என்று குழுவில் முடிவாகியிருக்கிறது. எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. நான் பார்த்தபோது, ஓட்டுநர் வண்டிக்கடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மடிப்பு மடிப்பான சாம்பல் நிறக் குழாயை மாட்டி, மறுமுனையை வாய்க்காலுக்குள் இறக்கியிருந்தார். கை திருகின் மேல் இருந்தது. பத்தடி கீழே, படிக்கல்லில் உட்கார்ந்து ஓர் அம்மா குடம் விளக்கிக்கொண்டிருந்தார்.

கத்தினேன். ஆமாம், கத்தினேன். குழந்தைகள் முன்னால் கத்தினேன் என்கிறார்கள். அந்த அம்மா முன்னால் தொட்டியைத் திறப்பது மட்டும் குழந்தைகள் பார்க்கத் தகுந்த காட்சியா?

"வெறும் சோப்புத் தண்ணீர்தானே" என்று கேட்கிறார்கள். குளித்ததும் பாத்திரம் கழுவியதும் ஒரு தொட்டி, கழிப்பறைக்கு இன்னொரு தொட்டி. "இதை முடித்துவிட்டு அடுத்ததையும் திறந்துவிடச் சொன்னார்கள், சார்" என்று ஓட்டுநர் வாயாலேயே சொன்னார். அதைப் பதிவில் காணவில்லை. ஏழை ஓட்டுநரைத் திட்டியதாக மட்டும் இருக்கிறது. நான் அவரைத் திட்டவில்லை. சொல்லிவிட்டவர்களைத் திட்டினேன். அவருக்கு அந்த வித்தியாசம் உடனே புரிந்தது. படித்தவர்களுக்குத்தான் புரியவில்லை.

வாகமண்ணில் என்ன ஒழுக்கம்! கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாவைத் தொடங்கிய பிறகு முதல் கேரவன் பூங்கா அங்கேதான் வந்தது. நிறுத்தும் இடத்திலேயே மின்சாரம், தண்ணீர், கழிவை வெளியேற்ற இணைப்பு எல்லாம் உண்டு. அங்கே நம் ஆட்கள் மிட்டாய்க் காகிதத்தைக்கூடச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்கள். அதே கைகள் தமிழ்நாட்டுப் பக்க மலையடிவாரமான லோயர்கேம்ப் இறங்கியதும் எப்படி மாறின? இந்தப் பக்கம் கேட்க ஆள் இல்லை என்று நினைத்தீர்கள். ஆள் உங்கள் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தான், அதுதான் உங்களுக்குச் சிக்கல்.

அன்று காலையில்தான் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுயிக்கின் மணிமண்டபத்தில் வரிசையாக நின்று படம் எடுத்தோம். சொத்தை விற்று அணை கட்டினார் என்று நம் பயணத் தலைவர் குரல் தழுதழுக்கப் பேசினார். (அந்தக் கதையில் எவ்வளவு உண்மை என்பது வேறு விவாதம்.) 1895-இல் வந்த அந்த அணையின் தண்ணீர்தான் தேக்கடியிலிருந்து மலையைக் குடைந்து வந்து, லோயர்கேம்ப்பில் மின்சாரம் எடுத்துக் கொடுத்துவிட்டு, இந்தப் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்குப் பாய்ந்து, மிச்சம் வைகை அணைக்குப் போகிறது. காலையில் அதற்காகக் கண் கலங்கியவர்கள், மதியம் அதே தண்ணீரில் குழாயை இறக்கினார்கள்.

அடுத்த கேள்வி: "உங்கள் விவசாயிகள் மருந்தே அடிப்பதில்லையா? ஊர்ச் சாக்கடை ஆற்றில் கலக்கவில்லையா?" கலக்கிறது. அதற்காக நாங்கள் எங்கள் ஊரில் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். எங்கள் வீட்டில் ஏற்கெனவே குப்பை இருக்கிறது என்பதால் விருந்தாளியும் ஒரு கூடை கொண்டுவந்து கொட்டலாம் என்றால், வாருங்கள், சந்தோஷம்.

மருந்தைப் பற்றியும் சொல்கிறேன். அப்பா பன்னீர் திராட்சை போட்டிருந்தார். அடிச்சாம்பல் நோய்க்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்து போர்டோ கலவை அடிப்பார். நீங்கள் பயணம் முழுக்கப் புகழ்ந்த பிரான்சின் ஒயின் நாட்டில் பிறந்த கலவைதான் அது. மர வாளியில் நீலம் கரைவதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். முடிந்ததும் வாளியை வாய்க்காலில் கழுவ விடமாட்டார். தண்ணீரை மொண்டு வந்து வேலியோரம் கழுவி, அங்கேயே ஊற்றச் சொல்வார். வாய்க்காலில் தண்ணீர் வந்தால்தான் கிணறு ஊறும். கிணறு ஊறினால்தான் பந்தல் பச்சையாக இருக்கும். தண்ணீர் வராத ஓர் ஆண்டில் பந்தல் காய்ந்து, கல்தூண்களும் கம்பியும் மட்டும் நின்றதைப் பார்த்தவன் நான். அந்த வீட்டிலிருந்து வந்தவனிடம் "ஓவராகப் போகிறாய்" என்றால் எப்படி இருக்கும்?

சரி, இதையும் கேட்டுவிடுகிறேன். என்னை எதற்காக அழைத்துப் போனீர்கள்? நண்பன் என்றா, உள்ளூர்க்காரன் என்றா? தோட்டத்துக்குள் விடச் சொல்லிப் பேச நான் வேண்டும். விலை குறைத்துக் கேட்க நான் வேண்டும். தோட்டத்துப் பெரியவர் என் அப்பாவின் பெயரைக் கேட்டதும் முகம் மலர்ந்து, "அவர் மகனா நீ, தம்பி? பறித்துக்கொள்ளச் சொல்" என்று காசு வாங்காமல் குலைகளை நீட்டினார். பழத்தின் மேல் இயல்பாகப் படிந்திருந்த வெண்பூச்சு கலையாமல் காம்பைப் பிடித்து வெட்டினார். நம்மவர்கள் அதைக் கன்னத்தில் வைத்துப் படம் எடுத்துவிட்டு, பாதியைப் பந்தலடியிலேயே போட்டுவிட்டு வந்தார்கள். "ஒயின் எங்கே சுவைக்கலாம்?" என்று வேறு ஒருவர் கேட்டார். நாசிக் போல இங்கே தோட்டத்தில் கண்ணாடிக் கோப்பை நீட்ட மாட்டார்கள், பன்னீர் திராட்சைச் சாறுதான் கிடைக்கும் என்றேன். முகம் சுருங்கிவிட்டது. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய பழம், ஐயா. ஆண்டு முழுவதும் காய்க்கும் பழம். அதுவும் போதவில்லை.

"பக்குவமாகச் சொல்லியிருக்கலாமே" என்று நான் மதிக்கும் ஓர் அக்கா எழுதியிருக்கிறார். அக்கா, திருகு பாதி திரும்பியிருந்தது. பக்குவத்துக்கு நேரம் இல்லை.

தொட்டி நிறைந்தே வண்டி திரும்பியது. வாடகைக்கு விட்டவர்கள் பணம் பிடித்துவிட்டார்கள். அந்தத் தொகை முழுவதையும் என் பங்கில் எழுதிக் கணக்கு அனுப்பியிருக்கிறீர்கள். இன்று காலை பணம் போட்டுவிட்டேன். ரசீதைத் தனியாக அனுப்புங்கள். குழுவிலிருந்துதான் என்னை நீக்கிவிட்டீர்களே.