எலெக்ட்ரா மேல் விழுந்த பழியில் எவ்வளவு அதனுடையது?

விமானப் பைத்தியங்கள் கூடும் குழுக்களில் 'உலகின் ஆபத்தான விமானங்கள்' என்றொரு பட்டியல் அடிக்கடி சுற்றும். அதில் லாக்ஹீட் எலெக்ட்ரா தவறாமல் இருக்கும். விபத்து நடந்த தேதி, இறந்தவர்கள் எண்ணிக்கை, கீழே ஓர் அழுகிற ஸ்மைலி. ஏன் விழுந்தது என்று மட்டும் ஒரு வரி இருக்காது. அந்தப் பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வரும்.

எலெக்ட்ராவின் தொடக்கம் மோசம் என்பதில் சந்தேகமில்லை. நான்கு டர்போபிராப் என்ஜின்கள் (புரொப்பெல்லரைச் சுழற்றும் ஜெட் வகை என்ஜின்கள்) கொண்ட இந்தப் பயணிகள் விமானத்தை 1959 ஜனவரியில் ஈஸ்டர்ன், அமெரிக்கன் என இரண்டு நிறுவனங்கள் ஓட்டத் தொடங்கின. அமெரிக்கன் ஆரம்பித்துப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. பிப்ரவரி 3 இரவு, நியூயார்க் லாகார்டியாவில் இறங்க வந்த விமானம் ஈஸ்ட் ரிவரில் விழுந்து 65 பேர் இறந்தார்கள். செப்டம்பர் 29 அன்று ஹூஸ்டனிலிருந்து டல்லஸ் போன பிரானிஃப் விமானம் டெக்சஸின் பஃபலோ என்ற சிற்றூர் அருகே வானத்திலேயே உடைந்தது. 34 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அந்த விமானம் பிரானிஃபின் கைக்கு வந்தும் பதினோரு நாள்தான். (இரண்டிலும் பதினொன்று வருகிறது. எண் ஜோதிடர்கள் கமென்ட் பக்கம் வர வேண்டாம்.) 1960 மார்ச் 17 அன்று இண்டியானாவின் டெல் சிட்டி அருகே நார்த்வெஸ்ட் விமானம், 63 பேர். வலது இறக்கை ஓரிடத்தில் கிடந்தது, உடல் வேறோர் இடத்தில் மண்ணுக்குள் புதைந்து கிடந்தது.

இதில் பின்னால் சொன்ன இரண்டும்தான் விமானத்தின் சொந்தக் குற்றம் என்பது என் கட்சி. அந்தக் குற்றத்தைக் கண்டுபிடித்த கதை அருமையானது. லாக்ஹீட் ஆட்களோடு போட்டிக் கம்பெனிகளான போயிங், டக்ளஸ் பொறியாளர்களும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். நாசாவின் லாங்லி காற்றுச் சுரங்கத்தில் சிறிய மாதிரி ஒன்றை வைத்துச் சோதித்தார்கள். சுற்றுகிற பம்பரத்தின் தலையில் லேசாகத் தட்டினால் அது விழாது. தலையை வட்டமாக ஆட்டிக்கொண்டே சுற்றும். வேகமாகச் சுழலும் பெரிய புரொப்பெல்லருக்கும் அதே குணம். என்ஜினைப் பிடித்திருக்கும் தாங்கிகள் உறுதியாக இருந்தால் அந்த ஆட்டம் உடனே அடங்கிவிடும். ஒரு முரட்டுத் தரையிறக்கத்தில் அவை தளர்ந்திருந்தால் அடங்காது. தாங்கி தளரத் தளர, நொடிக்கு ஐந்து முறை ஆடிய ஆட்டம் மூன்று முறையாகக் குறையும். இறக்கை தன் போக்கில் மேலும் கீழும் ஆடுகிற வேகமும் ஏறக்குறைய அதுவே. இரண்டும் ஒத்துப்போனதும் ஒன்றை ஒன்று வளர்த்துவிடும். ஒரு நிமிடம்கூட ஆகாது, இறக்கை பிய்ந்துவிடும். இப்படி ஓர் ஆட்டம் வரலாம் என்று 1938-லேயே கணக்குப் போட்டு எழுதி வைத்திருந்தார்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

மற்ற விபத்துகளைப் பாருங்கள். ஈஸ்ட் ரிவர் விபத்தில் விமானிகளின் கவனமும் புது மாதிரி உயரமானியும்தான் (விமானம் எவ்வளவு உயரத்தில் பறக்கிறது என்று காட்டும் கருவி) விசாரணையில் குறை சொல்லப்பட்டன. 1960 அக்டோபர் 4 அன்று பாஸ்டனில் ஓர் எலெக்ட்ரா மேலே ஏறிய சில நொடிகளில் ஸ்டார்லிங் கூட்டம் என்ஜின்களுக்குள் புகுந்தது. நம்மூர் மைனாவின் உறவுக்காரப் பறவை, கைக்குள் அடங்கும் அளவுதான். 62 பேர் போனார்கள். பறவையை விழுங்கினாலும் என்ஜின் எவ்வளவு தாங்க வேண்டும் என்ற விதிகள் அதற்குப் பிறகுதான் வந்தன. அடுத்த வருடம் சிகாகோவில் 37 பேர். அங்கே எய்லரான் பூஸ்டரை (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கை மடலை அசைக்க விமானிக்கு உதவும் கருவி) மாற்றிய மெக்கானிக்குகள், கேபிள் இணைப்பு கழன்றுவிடாமல் கட்ட வேண்டிய சின்னக் கம்பியைக் கட்டவில்லை. வேலையின் நடுவில் ஷிஃப்ட் வேறு மாறியிருக்கிறது. 1966-இல் ஓக்லஹோமாவின் ஆர்ட்மோரில் 83 பேர் இறந்ததற்குக் காரணம், இதய நோயை மறைத்துக்கொண்டு ஓட்டிய விமானிக்கு வந்த மாரடைப்பு. 1971 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் பெருவில் லான்சா நிறுவனம் இடிமேகத்துக்குள் விமானத்தைக் கொண்டுபோய்விட்டது. இருக்கையோடு காட்டுக்குள் விழுந்த ஜூலியானே கோப்கே என்ற 17 வயதுப் பெண் ஒருத்தி மட்டுமே பிழைத்து வெளியே வந்தாள். இவற்றையெல்லாம் எலெக்ட்ராவின் தலையில் கட்டுவது என்ன நியாயம்?

கோளாறைச் சரிசெய்த பிறகு அதே வடிவமைப்பிலிருந்து பிறந்த பி-3 ஓரியன், அறுபது வருடத்துக்கும் மேலாகப் பல நாட்டுக் கடற்படைகளில் ஓடியிருக்கிறது. அமெரிக்க வானிலைக்காரர்கள் சூறாவளியின் கண்ணுக்குள்ளேயே அதை ஓட்டிப் போகிறார்கள். இறக்கை பிய்ந்த விமானத்தின் தம்பி என்று சொன்னால் நம்ப முடியாது.

சரி, என் உண்மையான கோபம் வேறிடத்தில். இரண்டாவது இறக்கை பிய்ந்த பிறகும் அமெரிக்க விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்ஏஏவின் தலைவர் எல்வுட் கெசாடா விமானங்களைத் தரையில் நிறுத்தவில்லை. நிறுத்தச் சொல்லிக் கூச்சல் எழுந்தும் வேகத்தை மட்டும் குறைத்தார். முதலில் 275 நாட், சில நாளில் 225 நாட், அதாவது மணிக்குச் சுமார் 415 கிலோமீட்டர். கூடவே கடுமையான பரிசோதனைகள். அப்போது காரணமே முழுசாகத் தெரிந்திருக்கவில்லை. லாக்ஹீட் தன் செலவில் 2.5 கோடி டாலர் போட்டு ஒவ்வொரு விமானத்தையும் பலப்படுத்தி முடிக்கும்வரை மக்கள் அதில்தான் பறந்தார்கள். அந்தக் காலத்தில் இன்னோர் இறக்கை பிய்யவில்லை என்பதால் அவர் முடிவு சரி என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அது சூதாட்டமாகத்தான் தெரிகிறது. பணயம் வைத்தது டிக்கெட் வாங்கியவர்களின் உயிரை. 2019-இல் போயிங்கின் 737 மேக்ஸ் இரண்டாவது முறை விழுந்தபோது சீனா மறுநாளே அந்த ரக விமானங்களை நிறுத்தியது. கடைசியாக நிறுத்தியவர்களில் இதே எஃப்ஏஏவும் ஒன்று. அப்போதும் 'இன்னும் ஆதாரம் இல்லை' என்பதுதான் அவர்கள் பேச்சு. விழுந்த விமானத்துக்குப் பட்டியல் போடுகிறவர்கள், பறக்க விட்ட முடிவுகளுக்கும் ஒரு பட்டியல் போடட்டும். நானே முதலில் ஷேர் செய்கிறேன்.