பாடமாக்கிய அட்டைகளும் அந்த இருபது புள்ளிகளும்

லண்டனில் ஏ லெவல் சமூகவியல் படிக்கும் என் பெறாமகள், ஆய்வு முறைகளை மீட்டுவதற்காகச் சென்ற ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தாள். முறைக்கொரு நிறமாக அட்டைகளை மேசையில் பரப்பிவிட்டு, "சித்தி, இது முழுக்க எனக்குப் பாடம்" என்றாள். பாடந்தான். வினாக்கொத்து மலிவானது, விரைவானது, நம்பகமானது, ஆழமற்றது. நேர்காணல் அதற்கு மறுதலையானது. மூச்சுவிடாமல் ஒப்புவித்தாள்.

ஆனால் ஏ.கியூ.ஏ. என்னும் பரீட்சைச் சபையின் முதலாம் வினாத்தாளில், எண்பது புள்ளிகளுள் இருபதை வைத்திருக்கும் ஒரு வினா, ஒரு குறிப்பிட்ட முறையைக் கல்வியின் ஒரு குறிப்பிட்ட சிக்கலோடு பொருத்திப் பார்க்கச் சொல்கிறது. ஆகவே, பள்ளிக்கு மட்டம் போடும் மாணவர்களை வினாக்கொத்தின் மூலம் ஆராய்வது பற்றி எழுதச் சொன்னேன். அட்டையில் இருந்தவை அப்படியே தாளில் இறங்கின. "சரி, அந்த வினாக்கொத்தை எங்கே, யார் மூலம் கொடுப்பாய்?" என்று கேட்டேன். "வகுப்பில, ரீச்சர் மூலமா" என்றவள், பாதியிலேயே நிறுத்திச் சிரித்துவிட்டாள். மட்டம் போடுகிற பிள்ளை அன்று வகுப்பில் இருக்கப்போவதில்லை. இருந்தாலும், அதை ரீச்சர் திரும்ப வாங்கும் தாளில் எழுதப்போவதில்லை. இது எந்த அட்டையிலும் இல்லை. பள்ளிக்கூடத்தை நினைத்துப் பார்த்தால் மட்டுமே தென்படுவது.

நேர்காணலுக்கு நான் எப்போதும் சொல்வது, மொழியியலாளர் வில்லியம் லபோவ் 1969இல் எழுதிய கட்டுரையில் வரும் எட்டு வயதுச் சிறுவனின் கதையை. நியூயோர்க்கின் ஹார்லெமிலேயே வளர்ந்த ஒரு கறுப்பினத்தவர் கேள்வி கேட்டபோதும், அவன் ஒற்றைச் சொற்களுக்கு மேல் வாய் திறக்கவில்லை. அடுத்த முறை அதே மனிதர் உருளைக்கிழங்குச் சிப்ஸும் சிறுவனின் உற்ற நண்பனுமாக வந்து, தரையில் உட்கார்ந்து பேச்சைத் தொடங்கியபோது, இரு பிள்ளைகளும் ஒருவரையொருவர் முந்திக்கொண்டு பேசினார்கள். கேட்பவரின் இனமும் ஊரும் பொருந்தியிருந்தும், வளர்ந்தவருக்கும் சிறுவருக்கும் இடையிலுள்ள அதிகாரம் முதலில் வாயை அடைத்திருந்தது. "கட்டற்ற நேர்காணல் ஏற்புடைமை மிக்கது" (வினாக்களை முன்கூட்டியே வகுக்காத பேட்டி உண்மை நிலையைக் காட்டும்) என்று பொதுவாக எழுதுபவருக்கு, தரையில் உட்கார வேண்டியிருந்தது ஏன் என்று தெரியாது.

ஆசிரியரின் எதிர்பார்ப்பு பிள்ளையின் முன்னேற்றத்தை மாற்றுமா என்று பார்க்க, உளவியலாளர் ரோசந்தாலும் பள்ளி அதிபர் ஜேக்கப்சனும் கலிபோர்னியப் பள்ளியொன்றில் நடத்தி 1968இல் வெளியிட்ட பரிசோதனையும் இப்படித்தான். ஏறத்தாழ ஐந்திலொரு பங்குப் பிள்ளைகளைக் குருட்டாம்போக்கில் தெரிந்தெடுத்து, இவர்கள் விரைவில் முன்னேறுவார்கள் என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். அறநெறிச் சிக்கல் உண்டு என ஒரு வரியில் முடிப்பதைவிட, மிகுதிப் பிள்ளைகள் அந்த ஆண்டில் எதை இழந்திருக்கக்கூடும் என்று கேட்பதே பொருத்தம். (பெற்றோராக இருந்தால் நானே பள்ளி வாசலில் போய் நின்றிருப்பேன்.)

அட்டைகளை எறியச் சொல்லவில்லை. வரைவிலக்கணங்கள் கைவசம் இருக்கத்தான் வேண்டும். ஆனால் மீட்டலை முறையிலிருந்து தொடங்காமல், ஆய்வாளரை உள்ளே விடும் அதிபர், கவனிக்கப்படுவதை அறிந்த ஆசிரியர், வாசிக்கத் தடுமாறும் பிள்ளை ஆகியோரிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே என் கருத்து. மாலை அவள் புறப்பட்டபோது, வினாக்கொத்து அட்டையின் பின்புறத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள்: "இண்டைக்கு வராத பிள்ளை யார்?"