சான்றிதழ் மறுக்கப்பட்டால் வழி முடிந்துவிடவில்லை

மாற்றுத்திறனாளி உதவித்தொகை பெறுவது குறித்து நான் படித்த ஒரு கட்டுரை, 40 சதவீதப் பாதிப்பு உள்ளதாக மருத்துவக் குழு தரும் சான்றிதழ் கையில் இருந்தாலே எல்லாத் திட்டங்களுக்கும் தகுதி வந்துவிடும் என்ற எண்ணத்தைத் தருகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் இட ஒதுக்கீடு போன்றவற்றுக்கு வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு அதுதான். ஆனால் மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத் திட்டம் 80 சதவீத பாதிப்பையும் வறுமைக்கோட்டுக்குக் கீழான குடும்ப நிலையையும் கேட்கிறது. எந்தத் திட்டத்திற்கு எந்த அளவுகோல் என்று பார்க்காமல் விண்ணப்பிப்பதால்தான் பல மனுக்கள் தள்ளுபடியாகின்றன.

என் தம்பிக்கு மருத்துவக் குழு முதலில் 35 சதவீதம் என்று எழுதியபோது, எங்கள் வீட்டில் எல்லோரும் அத்துடன் எல்லாம் முடிந்ததென்றே நினைத்தோம். சான்றளிக்கும் அதிகாரியின் முடிவை எதிர்த்து 90 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்பதை இலவசச் சட்ட உதவி தரும் அமைப்பான மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் அமர்த்தித் தந்த வழக்கறிஞர் சொல்லித்தான் அறிந்தோம். பழைய சிகிச்சைக் குறிப்புகளையும் பரிசோதனை அறிக்கைகளையும் தேதி வரிசையில் அடுக்கி மனுவை எழுதித் தந்தவரும் அவரே. மறுமதிப்பீட்டில் 45 சதவீதம் கிடைத்தது.

இதற்கு நாங்கள் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கவில்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, வருமான வரம்பு எதுவும் பாராமல் மாற்றுத்திறனாளிகளுக்கு இலவசச் சட்ட உதவியை உரிமையாகவே வழங்குகிறது. 15100 என்ற சட்ட உதவித் தொலைபேசி எண்ணை அழைத்தும் உதவி கேட்கலாம். இதை அந்தக் கட்டுரையில் சேர்க்குமாறு அதன் ஆசிரியரை மிகவும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.