சந்தாவை நிறுத்தினால் கையில் என்ன மிஞ்சும்?

டெவலப்பர் டூல் வாங்கும்போது மாதம் எவ்வளவு என்றுதான் எல்லோரும் பார்க்கிறார்கள். கட்டுவதை நிறுத்திய மறுநாள் எது திறக்கும், எது திறக்காது என்று பார்ப்பவர்கள் குறைவு. என் கணக்கில் விலையைவிட அதுதான் முக்கியம்.

இன்டெல்லிஜே போன்ற ஐடிஇ-களை (புரோகிராம் எழுதி, ஓட்டி, பிழை பார்க்கும் மென்பொருள்) விற்கும் ஜெட்பிரெயின்ஸ் நிறுவனம் 2015 செப்டம்பரில் சந்தாவுக்கு மாறுவதாக அறிவித்தபோது, பணம் நின்றால் ஐடிஇ-யும் நிற்கும் என்பதுதான் ஏற்பாடு. வாடிக்கையாளர்கள் கொதித்தெழ, அதே மாதம் இறங்கி வந்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் பெர்பெச்சுவல் ஃபால்பேக் லைசென்ஸ். தொடர்ந்து 12 மாதம் கட்டினால் ஒரு வெர்ஷன் நிரந்தரமாக உங்களுடையது.

எந்த வெர்ஷன் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நிறுத்தும்போது ஓடிக்கொண்டிருந்தது அல்ல. அந்த 12 மாதம் தொடங்கிய அன்று புதிதாக இருந்த வெர்ஷன். 2023.2 (2023-இன் இரண்டாவது பெரிய வெளியீடு) இருந்தபோது தொடங்கி ஓராண்டில் நிறுத்தினால், 2024.1-இல் பழகிய கை மறுபடி 2023.2-க்குப் போக வேண்டும். 2023.2.1, 2023.2.2 என வரும் பிழைதிருத்தங்கள் உண்டு, 2023.3 கிடையாது. இதற்குள் ப்ராஜெக்டைப் புது ஜாவாவுக்கு மாற்றியிருந்தால், பழைய வெர்ஷனுக்கு அது தெரியாததால், ஒழுங்காகக் கம்பைல் ஆகும் புரோகிராம்கூட எடிட்டரில் பிழை என்று சிவப்புச் சிவப்பாகத் தெரியும். பிளக்இன்களையும் (கூடுதல் வசதிக்கான துணை மென்பொருள்கள்) பழைய வெர்ஷனுக்குப் பொருந்துவதாகத் தேடிப் போட வேண்டும்.

ஆகவே வாங்கும் தேதியைக் கவனியுங்கள். ஆண்டுக்கு மூன்று பெரிய வெளியீடுகள்: மார்ச்-ஏப்ரல் வாக்கில் .1, ஜூலை-ஆகஸ்டில் .2, நவம்பர்-டிசம்பரில் .3. அடுத்தது வர ஒரு வாரம் இருக்கும்போது அவசரப்பட்டு வாங்காதீர்கள். 30 நாள் ட்ரையலில் ஓட்டிவிட்டு, வந்தபின் வாங்குங்கள்.

மாதச் சந்தாவில் இன்னொரு சிக்கல். ஆர்பிஐ விதிப்படி 2021 அக்டோபர் முதல், கார்டிலிருந்து தானாகப் பணம் எடுக்க இ-மேண்டேட் பதிவு (வங்கியில் முன்கூட்டியே தரும் ஒப்புதல்) வேண்டும். வெளிநாட்டு நிறுவனமும் உங்கள் வங்கியும் அதில் ஒத்துப்போகவில்லை என்றால் கார்டு டிக்ளைன். தகவல் மெயில் ஸ்பேமில் கிடக்கும் (அது எப்போதும் அங்கேதான் கிடக்கும்). சந்தா அறுந்தால் கட்டிய 11 மாதமும் ஃபால்பேக் கணக்கில் வராது. ஆண்டுச் சந்தாவில் இந்தத் தலைவலி இல்லை: ஒரே ஓடிபி, ஃபால்பேக்கும் வாங்கிய அன்றே கைக்கு வந்துவிடும்.

சப்லைம் டெக்ஸ்ட் 4 என்ற கோட் எடிட்டர் வேறு வழி. லைசென்ஸ் வாங்கினால் மூன்றாண்டுக்கு அப்டேட். அதற்குள் வந்த கடைசி வெர்ஷன்வரை என்றைக்கும் ஓடும், பின்னால் போக வேண்டியதில்லை. என்னைக் கேட்டால் இதுதான் நேர்மை. ஆனால் ஒவ்வொரு ஜாவா வெளியீட்டையும், அதன் மேல் கட்டிய ஸ்பிரிங் போன்ற ஃப்ரேம்வொர்க்குகளின் வெளியீட்டையும் துரத்த வேண்டிய ஐடிஇ-யை இப்படி விற்றுக் கட்டுப்படியாகுமா என்பது சந்தேகம்தான்.

ஏஐ கோடிங் டூல்களில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. மாடல் அவர்கள் சர்வரில் ஓடுகிறது. கட்டாவிட்டால் கையில் பூஜ்யம். கட்டண முறையும் நிலையில்லை. 2025 ஜூனில் கர்சர் என்ற ஏஐ எடிட்டர் தன் 20 டாலர் திட்டத்தின் கணக்கை மாற்றி, எதிர்பாராத பில் வந்தவர்களிடம் ஜூலையில் மன்னிப்புக் கேட்டு, பணத்தையும் திருப்பித் தருவதாகச் சொன்னது. இவற்றுக்கு மட்டும் மாதச் சந்தாவே போதும். கூடுதல் செலவுக்கான வரம்பை முதல் நாளே செட்டிங்ஸில் போட்டுவிடுங்கள்.