வாலுக்கு அடியில் ஒரு கோடு

(கனடா, ஒன்ராறியோ. அல்கோன்குவின் பூங்காவில் ஜனவரிக் காலை, மைனஸ் 24. தீனித்தட்டைச் சுற்றி முப்பது குருவிகள். குணாவிடம் கேமரா. சிவாவிடம் தேநீர் ஃபிளாஸ்க்.)

சிவா: மச்சான், ஸ்காபரோவில் இருந்து மூன்று மணி நேரம் ஓட்டி வந்தோம். வந்ததில் இருந்து குருவிகளின் பின்பக்கத்தையே படம் எடுக்கிறாய். முகத்துக்கு என்ன குறை?

குணா: முகத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. எல்லாமே ரெட்போல்தான். நெற்றியில் சிவப்பு, மோவாயில் கறுப்பு. இந்தக் கூட்டத்துக்குள் அபூர்வமாக ஒரு ஹோரி ரெட்போல் வரும். வாலுக்கு அடியில் கோடே இருக்காது, இருந்தாலும் மெல்லியதாய் ஒன்று. இடுப்பு வெள்ளை. சொண்டு குட்டை, யாரோ குத்தி உள்ளே தள்ளியதுபோல.

சிவா: அதோ, அந்த வெள்ளை?

குணா: அது குளிருக்கு உப்பியிருக்கிறது. உப்பினால் எல்லாமே வெள்ளையாய்த் தெரியும். ஆணா பெண்ணா, வயது என்ன, அதெல்லாம் பார்க்காமல் வாய் திறக்கக்கூடாது.

சிவா: எனக்குப் பெண் பார்த்தபோதுகூட இவ்வளவு விசாரிக்கவில்லை.

குணா: வடக்கே பேர்ச் மரத்தில் விதை குறைந்தால்தான் இவை இப்படிக் கூட்டமாய் இறங்கும். பார், தொண்டைப் பையில் விதையை அடைத்துக்கொண்டு பறக்கிறது. மறைவான இடத்துக்குப் போய் ஆறுதலாய்த் தின்னும்.

சிவா: கலியாண வீட்டில் என் மாமனார். சரி, பறவைச் செயலியில் பதிவை நான் போடுகிறேன், போனைத் தா. ஹோரி... ஹோரி... என்னடா, 'ரெட்போல்' என்று ஒரே இனம்தான் இருக்கிறது. ஹோரி அதற்குள் ஒரு வகையாம்.

குணா: (மெதுவாக) 2024இல் அமெரிக்கப் பறவையியல் சங்கம் எல்லா ரெட்போலையும் ஒன்றாக்கிவிட்டது. ஒரு குரோமோசோமில் ஒரு துண்டு தலைகீழாய்த் திரும்பியிருக்கிறது, நிறமும் சொண்டும் மாறுவது அதனால்தான் என்று 2021இலேயே ஆய்வு வந்துவிட்டது.

சிவா: தெரிந்துகொண்டா என்னை இந்தக் குளிருக்குள் இழுத்து வந்தாய்?

குணா: 2021 ஜனவரியில் என் வீட்டுத் தோட்டத்துக்கு ஒரு ஹோரி வந்தது. நாலு பக்கம் விவரம் எழுதினேன். படம் கொஞ்சம் மங்கல். கொஞ்சம்தான். பதிவுகளைச் சரிபார்க்கிறவர் அது ஹோரி இல்லை, காமன் ரெட்போல், சாதாரண வகைதான் என்று திருப்பிவிட்டார்.

சிவா: அட, இப்போது இரண்டும் ஒன்றுதானே! நீ சொன்னது சரி என்று ஆகிவிட்டதே.

குணா: அவர் சொன்னதும் சரி என்று ஆகிவிட்டதே, மச்சான்!

(மௌனம். சிவா தேநீரைக் கீழே வைக்கிறான்.)

சிவா: குணா... இடப்பக்கம், மேல்கொப்பு. ஒன்று முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறது. கோடு தெரியவில்லை.

குணா: அசையாதே. பாட்டரி குளிரில் செத்துவிட்டது. மற்றது என் கக்கத்தில் இருக்கிறது.

சிவா: எடு.

குணா: நாலு சட்டை போட்டிருக்கிறேன்.